தலையில்லாத கோப்புகள்: விண்டோஸ் 7-இல் உரைக் கோப்பு முன்னோட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

"எல்லாம் டெக்ஸ்ட் கோப்புதானே தம்பி? ஒண்ணு தெரியுது, ஒண்ணு தெரியல, இன்னொண்ணு கிறுக்கிக் காட்டுது. என்ன கணக்கு இது?"

புகார் இவ்வளவுதான். கேட்டவர் ஒலிநாடா நேர்காணல்களைக் கேட்டு எழுத்தாக்கும் ஒரு சிறு குழுவில் மூத்தவர். மற்றவர்கள் தட்டச்சு செய்து அனுப்புவதைச் சரிபார்த்து, ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அந்தக் குழுவின் கணினிகளை அவ்வப்போது பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பத்து நிமிட வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடிய நான்கு நாள் ஆனது. அதில் பாதி நேரம் போனதற்கு நானே காரணம் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

பின்னணி

கணினி பழையது, விண்டோஸ் 7, 64 பிட். அந்த இயங்குதளம் வெளிவந்தது 2009 அக்டோபரில். 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கான பொது ஆதரவு முடிந்தது. ஆனாலும் இதைத் தூக்கிப் போட முடியவில்லை. நாடாவிலிருந்து ஒலியை உள்ளே கொண்டுவரும் கருவிக்கு அதன் பிறகு வந்த எந்த இயங்குதளத்துக்கும் டிரைவர் எழுதப்படவில்லை. எனவே கணினியை இணையத்திலிருந்து முழுவதுமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். கோப்புகள் வருவதும் போவதும் பென் டிரைவில்தான். புதிதாக எந்த மென்பொருளையும் ஏற்றுவதில்லை என்று ஒரு விதியும் உண்டு. அந்த விதியைப் போட்டவன் நான். அதனால், "தனியாக ஒரு முன்னோட்ட மென்பொருளைப் போட்டுவிட்டால் தீர்ந்தது" என்ற சுலப வழி எனக்கு இல்லை.

மூத்தவர் வேலை செய்யும் முறை இது. எக்ஸ்ப்ளோரரைத் திறந்து ஆல்ட் விசையோடு பி-யை அழுத்துவார். வலப் பக்கம் முன்னோட்டப் பலகம் விரியும். கீழ்நோக்கிய அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனால் ஒவ்வொரு கோப்பின் முதல் வரிகளும் வலப் பக்கம் ஓடும். எந்த நாடாவின் எந்தப் பகுதி என்று பார்த்துப் பெயர் மாற்றுவார், பிரித்து அடுக்குவார். ஒவ்வொன்றையும் நோட்பேடில் திறந்து மூடிக்கொண்டிருந்தால் அன்றைய பொழுது அதிலேயே கழிந்துவிடும். ஆக, முன்னோட்டம் அவருக்கு அழகுக்காக வைத்துக்கொண்ட வசதி இல்லை, வேலையே அதில்தான் நடக்கிறது.

முன்பெல்லாம் எல்லாக் கோப்பும் இதே கணினியில் நோட்பேடில் தட்டச்சானவை. சிக்கலே வந்ததில்லை. பிறகு சிலர் வெளியே, புதிய கணினிகளில் தட்டச்சு செய்யத் தொடங்கினார்கள். ஒருவர், தலைப்பு, பட்டியல் எல்லாவற்றையும் சிறு குறிகளால் காட்டும் மார்க்டவுன் முறையில் எழுதுவார், கோப்பு எம்டி என்று முடியும். இன்னொருவர் காணொளிக்கான துணைத்தலைப்பாகவே, நேரக் குறிப்போடு, எஸ்ஆர்டி கோப்பாக அனுப்புவார். திறந்து பார்த்தால் எல்லாமே வெறும் எழுத்துதான். ஆனால் முன்னோட்டப் பலகத்துக்கு அது தெரியவில்லை.

முதல் நாள்: தவறான கதவைத் தட்டியது

முதலில் பலகமே அணைந்திருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை. டிஎக்ஸ்டி கோப்புகள் தெரிந்தன. ஆர்கனைஸ் மெனுவில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ் போய், வியூ தாவலில் முன்னோட்டக் கையாளிகளை (ஒரு வகைக் கோப்பைப் பலகத்தில் காட்டும் சிறு நிரல்களை) காட்டு என்று பொருள்படும் பெட்டி ஒன்று உண்டு. அதிலும் டிக் இருந்தது. எம்டி கோப்பைத் தொட்டால் மட்டும் 'நோ ப்ரிவ்யூ அவைலபிள்' என்ற வாசகம்.

இந்த வாசகத்தை நான் ஒழுங்காகப் படித்திருந்தால் அன்றைக்கே பாதி வேலை முடிந்திருக்கும். முன்னோட்டக் கையாளி இருந்து அது இடறி விழுந்திருந்தால், விண்டோஸ் அதன் பெயரைச் சொல்லி, அதில் பிழை என்று வேறு வாசகம் காட்டும். இங்கே கிடைத்ததோ 'இந்த வகைக்கு ஆள் யாரும் இல்லை' என்ற பதில். பழுது எதுவும் இல்லை, நியமனம்தான் நடக்கவில்லை. ஆனால் நான் அப்போது பழுதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து, எல்லோரும் செய்வதைச் செய்தேன். எம்டி கோப்பின் மேல் வலது கிளிக், ஓப்பன் வித், நோட்பேட், எப்போதும் இதையே பயன்படுத்து. கோப்பின் சின்னம் மாறியது. இரட்டைக் கிளிக் செய்தால் நோட்பேடில் திறந்தது. முன்னோட்டம் மட்டும் வரவில்லை. 'நோட்பேடில் திறக்கிறதே, அப்புறம் ஏன் தெரியவில்லை?' என்ற கேள்வி என்னை நெடுநேரம் சுற்றவிட்டது.

விடை எளிது. எந்த நிரலில் திறப்பது என்பது ஒரு பதிவு. எந்த வகையைச் சேர்ந்த கோப்பு என்பது வேறொரு பதிவு. ஓப்பன் வித் முதலாவதை மட்டும்தான் மாற்றுகிறது. முன்னோட்டம் இரண்டாவதைப் பார்க்கிறது.

உள்ளே நடப்பது

முன்னோட்டக் கையாளி என்ற ஏற்பாடு விஸ்டாவில் வந்தது, விண்டோஸ் 7-இலும் அதுவே தொடர்ந்தது. நாம் ஒரு கோப்பைத் தேர்ந்ததும் எக்ஸ்ப்ளோரர் அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை, அதாவது நீட்சியை, மட்டும் எடுத்துக்கொள்கிறது. விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் அந்த நீட்சிக்கான இடத்துக்குப் போய், இதற்கென்று கையாளி ஏதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுகிறது. நீட்சியின் கீழ் இல்லையென்றால் அந்த நீட்சி சார்ந்த நிரல் அடையாளத்தின் கீழ், அங்கும் இல்லையென்றால் அந்தக் கோப்பு பொதுவாக எந்த இனம் என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அந்த இனத்தின் கீழ். படம், ஒலி, காணொளி, உரை என்று சில இனங்கள் உண்டு. உரை இனத்துக்கான கையாளி விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. டிஎக்ஸ்டி கோப்புகளைக் காட்டிக்கொண்டிருந்ததும் அதுதான்.

ஆக எம்டியும் எஸ்ஆர்டியும் எந்த இனத்திலும் சேராமல் நின்றன. ஒரு புது விண்டோஸ் 7-க்கு அந்த இரண்டு நீட்சிகளும் யாரென்றே தெரியாது. கையாளி தயாராக உட்கார்ந்திருக்கிறது, யாரும் அதனிடம் இந்தக் கோப்புகளை அனுப்பவில்லை. நாம் செய்ய வேண்டியது 'இவையும் உரைதான்' என்று ஒரு வரி எழுதிவைப்பது மட்டுமே.

கையாளி எக்ஸ்ப்ளோரருக்கு உள்ளேயே ஓடுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ப்ரெவ்ஹோஸ்ட் என்ற தனிச் செயல்முறையில், பொதுவாகக் குறைந்த அதிகாரத்தோடு ஓடுகிறது. ஒரு கோப்பு வில்லங்கமாக இருந்து கையாளி கவிழ்ந்தாலும் எக்ஸ்ப்ளோரர் கூடவே விழாது. ஆதரவு நின்றுபோன இயங்குதளத்தில் இது ஓரளவு ஆறுதல். மேலும் உரைக் கையாளி எதையும் இயக்குவதில்லை, எழுத்தை எழுத்தாகக் காட்டுவதோடு சரி.

இரண்டாம் நாள்: ஒரு இடைவெளி

தீர்வு தெரிந்துவிட்டது. ரெஜிஸ்ட்ரியைத் திறந்து, ஹெச்கீ கரன்ட் யூசர், சாஃப்ட்வேர், கிளாஸஸ் என்று இறங்கினேன். அந்த இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், அங்கே எழுத நிர்வாகி அனுமதி தேவையில்லை, கெடுத்தாலும் அந்தப் பயனரோடு போகும். புள்ளியோடு சேர்த்து எம்டி என்று ஒரு புது விசை. அதற்குள் சர மதிப்பு ஒன்று, பெயர் பெர்சீவ்டு டைப், மதிப்பு டெக்ஸ்ட். கூடவே கன்டென்ட் டைப் என்ற பெயரில் இன்னொன்று, அதன் மதிப்பு டெக்ஸ்ட், சாய்கோடு, ப்ளெய்ன்.

வெளியேறி மறுபடி உள்ளே வந்தேன். முன்னோட்டம் இல்லை.

புள்ளியை விட்டுவிட்டேனா? இல்லை. கணினியையே மறுபடி தொடங்கினேன். இல்லை. ஒரு மணி நேரம் கழித்து, பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. பெர்சீவ்டு, டைப் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் இடைவெளி விடாமல் ஒட்டி எழுத வேண்டும். கன்டென்ட் டைப்பிலோ இடைவெளி கட்டாயம் வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மதிப்புகளுக்கு இரண்டு விதமான எழுத்துமுறை! நான் இரண்டிலும் இடைவெளி விட்டிருந்தேன். ரெஜிஸ்ட்ரி புரியாத பெயரைப் பார்த்தால் குறை சொல்லாது, வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். இந்தச் சந்தியை ஏன் இப்படி வைத்தார்கள் என்று யாரையாவது கேட்க ஆசைதான்.

இடைவெளியை எடுத்தேன், வெளியேறி வந்தேன், எம்டி கோப்பைத் தொட்டேன். வலப் பக்கம் எழுத்து வந்தது. எஸ்ஆர்டிக்கும் அதே இரண்டு வரி. இனி கையால் தட்ட வேண்டாமென்று ரெஜ் கோப்பாகவும் ஏற்றுமதி செய்து வைத்துக்கொண்டேன்.

சில கணினிகளில் இனத்தைக் குறித்த பிறகும் முன்னோட்டம் வராது. வேறு நிரல் ஏதாவது அந்த நீட்சியைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, தனக்கென்று ஒரு கையாளியையும் குறித்து வைத்திருந்தால், இனம் வரைக்கும் தேடல் வராது, முன்னதாகவே அங்கே நின்றுவிடும். அந்த நிலையில் நீட்சியின் கீழேயே ஷெல்எக்ஸ் என்ற உள்விசையைப் போட்டு, முன்னோட்டத்துக்கான 8895 என்று தொடங்கும் நீண்ட அடையாள எண்ணின் கீழ், உரைக் கையாளியின் 1531 என்று தொடங்கும் எண்ணை நேரடியாக எழுத வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

அன்று மாலை வெற்றியோடு வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை இன்னொருவர் தன் பயனர் கணக்கில் நுழைந்தார். அவருக்கு எதுவும் தெரியவில்லை. தெரியாதுதான். நான் எழுதியது ஒரே ஒரு பயனரின் கிளையில். கெட்டால் ஒருவரோடு போகட்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தது, நல்லதாக முடிந்தபோதும் ஒருவரோடு நின்றுவிட்டது. நிர்வாகி கணக்கில் போய், ஹெச்கீ லோக்கல் மெஷின் கிளையில் அதே இடத்தில் அதே வரிகளை எழுதிய பிறகு எல்லாருக்கும் வந்தது. பயனர் கிளையில் இருந்ததை அழித்தும் விட்டேன். இரண்டிலும் இருந்தால் பயனர் கிளைதான் மேலோங்கும். என்றைக்காவது ஒன்றை மாற்றி, மற்றதை மறந்து, மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரிலேயே வழுக்கியவை

இது சிறிய தொகுதி, சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். சில கோப்புகளுக்கு நீட்சியே இல்லை. சிலவற்றின் பெயர் 'நேர்காணல் 14.2' என்று முடிந்தது. பதினான்காவது நாடாவின் இரண்டாம் பக்கம் என்று எழுதியவர் மனதில் இருந்தது. விண்டோஸின் பார்வையில் அது '2' என்ற நீட்சி கொண்ட கோப்பு. இதற்கெல்லாம் ரெஜிஸ்ட்ரியில் இடம் ஒதுக்கிக்கொண்டிருக்க முடியாது.

நீட்சியே இல்லாதவற்றுக்குக் கட்டளைச் சாளரத்தில் பெயர் மாற்றும் ரென் கட்டளை போதும். மூலத்தில் உடுக்குறி (*), புள்ளி. இலக்கில் உடுக்குறி, புள்ளி, டிஎக்ஸ்டி. எண்ணில் முடிந்தவற்றை மூத்தவர் கையாலேயே மாற்றினார், எப்படியும் அவர் எல்லாவற்றுக்கும் பெயர் மாற்றப்போகிறார். அதற்கு முன் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் தெரிந்த நீட்சிகளை மறை என்ற டிக்கை எடுத்துவிட்டேன். கணினியில் எதை முதலில் மாற்றுவது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது இதைத்தான். நீட்சியைப் பார்த்துத்தான் கணினி எல்லா முடிவும் எடுக்கிறது, அதை நம் கண்ணிலிருந்து மறைத்து வைத்தால் எப்படி?

மூன்றாம் நாள்: கிறுக்கல்

இப்போது புகாரின் மூன்றாவது பகுதி. கோப்பு தெரிகிறது, எழுத்து தமிழாக இல்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சிறிய ஏ, வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி. மறுபடி சாய்கோட்டு ஏ, வட்டத்துக்குள் ஆர், இன்னொரு குறி. பக்கம் முழுக்க இதுவே. டிஎக்ஸ்டி கோப்புகளிலும் சிலவற்றில் இது இருந்தது. அதாவது நீட்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நான் இரண்டு நாள் சரிசெய்ததற்கும் இதற்கும்கூடச் சம்பந்தமில்லை. ஒரே புகாரில் வந்ததால் ஒரே கோளாறு என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

இன்னும் குழப்பியது என்னவென்றால், அதே கோப்பை நோட்பேடில் திறந்தால் தமிழ் அழகாக வந்தது. கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, முன்னோட்டம்தான் தப்பாகப் படிக்கிறது.

எப்படித் தப்பாகப் படிக்கிறது என்பதை அந்தக் கிறுக்கலே சொல்லிவிடுகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் யூனிகோடில் தமிழுக்கான 128 இடங்களும், அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் எழுதும்போது இடத்துக்கு மூன்று பைட் எடுக்கும். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடுகள், ஆக 15 பைட். இந்த மூன்று பைட்டில் முதல் பைட் தமிழின் எல்லாக் குறியீட்டுக்கும் ஒன்றுதான். இரண்டாவது பைட் இரண்டே இரண்டு விதம். மேற்கத்திய மொழிகளுக்கான 1252 என்ற பழைய ஆன்சி குறியீட்டுப் பக்கத்தில், ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து என்று இதைப் படித்தால், முதல் பைட் சாய்கோட்டு ஏ ஆகிறது. இரண்டாவது பைட் பெரும்பாலும் வட்டத்துக்குள் ஆர் ஆகிறது. ஈகாரக் குறி, ஏகாரக் குறி, புள்ளி போன்றவை வரும் இடங்களில் மட்டும் மேலே மிதக்கும் ஒரு சிறு கோடாகிறது. மூன்றுக்கு ஒரு முறை அதே ஏ வருவது ஏன் என்பது இப்போது புரியும்.

ஆக, கையாளி யூடிஎஃப்-8 கோப்பை ஆன்சி என்று எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் மற்ற தமிழ்க் கோப்புகள் ஏன் சரியாகத் தெரிகின்றன? அவையும் யூடிஎஃப்-8 தானே?

இரண்டு கோப்புகளைப் பைட் பைட்டாகத் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். சரியாகத் தெரிந்ததன் தொடக்கத்தில் மூன்று பைட் கூடுதலாக இருந்தது. அதுதான் பிஓஎம் என்ற தொடக்கக் குறி. படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது, 'இனி வருவது யூடிஎஃப்-8' என்று நிரல்களுக்குச் சொல்லும். விண்டோஸ் 7-இன் உரைக் கையாளி அந்தக் குறி இருந்தால் நம்புகிறது, இல்லாவிட்டால் ஆன்சி என்று வைத்துக்கொள்கிறது. நோட்பேடோ குறி இல்லாவிட்டாலும் உள்ளடக்கத்தைப் பார்த்து ஊகிக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு கணக்கு.

குறி சில கோப்பில் இருந்து சிலவற்றில் இல்லாமல் போனதற்கும் காரணம் கிடைத்தது. விண்டோஸ் 7 நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று தேர்ந்து சேமித்தால் பிஓஎம் தானாகச் சேரும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து, அதாவது 2019-இலிருந்து, நோட்பேட் எதுவும் கேட்காமலே யூடிஎஃப்-8-இல் சேமிக்கிறது, பிஓஎம் இல்லாமல். குறி வேண்டுமென்றால் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று தனியாகத் தேர வேண்டும். இன்றைய உலகத்துக்கு அந்த மாற்றம் நியாயமானதுதான், குறி இல்லாத யூடிஎஃப்-8 எங்கும் செல்லும். எங்கள் பழைய கணினிக்கு மட்டும் செல்லவில்லை. பழைய கணினியில் தட்டச்சானது தெரிகிறது, புதிய கணினியில் தட்டச்சானது கிறுக்குகிறது என்று மூத்தவரிடம் சொன்னேன். "அப்படின்னா கோப்புக்குத் தலை இல்லைன்னு சொல்லுங்க" என்றார். அன்றிலிருந்து பிஓஎம் எங்கள் குழுவில் 'தலை' ஆயிற்று.

குழுவில் ஒருவர், யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழியைக் கன்ட்ரோல் பேனலில் தமிழுக்கு மாற்றினால் என்ன என்று கேட்டார். நல்ல கேள்வி. பல மொழிகளுக்கு அது பலிக்கும். தமிழுக்கென்று விண்டோஸில் ஆன்சி குறியீட்டுப் பக்கமே கிடையாது, யூனிகோடு வழியாக மட்டுமே தமிழ் உண்டு. அந்த வழி அடைபட்டது.

கிறுக்கலில் மூன்று சாதி

எல்லாக் கோப்புக்கும் தலை ஒட்டிவிட வேண்டியதுதான் என்று கிளம்பியவன், ஒரு நாள் பொறுத்தேன். பொறுத்தது நல்லதாயிற்று. தெரியாத கோப்புகளை வரிசையாகப் பார்த்தபோது எல்லாக் கிறுக்கலும் ஒன்றல்ல என்று தெரிந்தது.

முதலாவது மேலே சொன்னது, மூன்றுக்கு ஒரு சாய்கோட்டு ஏ. இந்தத் தாளம் இருந்தால் தமிழ் உள்ளே பத்திரமாக இருக்கிறது, குறி மட்டும்தான் இல்லை.

இரண்டாவது, தாளமே இல்லாத கிறுக்கல். ஆங்கில எழுத்து, உச்சரிப்புக் குறி போட்ட எழுத்து, நாணயக் குறி எல்லாம் கலந்து. இவை யூனிகோடுக்கு முந்தைய காலத்துக் கோப்புகள், திஸ்கி போன்ற எட்டு பிட் குறியீடுகளில் எழுதியவை. அதற்கான எழுத்துரு இருந்தால்தான் தமிழாகத் தெரியும். பழைய சேமிப்பிலிருந்து யாரோ சேர்த்து அனுப்பியிருந்தார்கள். இவற்றை யூடிஎஃப்-8 என்று நினைத்துப் படித்து மறுபடி சேமித்தால், புரியாத பைட் ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரு மாற்றுக் குறி உட்கார்ந்துவிடும். அப்புறம் பிரம்மனே வந்தாலும் மூலத்தை மீட்க முடியாது.

மூன்றாவது, வெறும் கேள்விக்குறிகள். பார்க்க மிகச் சாதுவானது, உண்மையில் மிக மோசமானது இதுதான். பழைய நோட்பேடில் ஆன்சி என்று சேமிக்கப் போகும்போது, யூனிகோடு எழுத்துகள் இழக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை வரும். ஓகே அழுத்தினால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் கேள்விக்குறியாகவே கோப்பில் எழுதப்படும். இங்கே படிப்பதில் பிழை இல்லை, கோப்பிலேயே கேள்விக்குறிதான் இருக்கிறது. அப்படி மூன்று கோப்புகள் இருந்தன. ஒலியை மறுபடி கேட்டு மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதாயிற்று. எச்சரிக்கைப் பெட்டிகளை வாசிக்காமல் ஓகே அழுத்தும் பழக்கத்துக்கு நானும் விதிவிலக்கல்ல, அதனால் யாரையும் கேட்கவில்லை.

நான்காம் நாள்: தலை ஒட்டியது

விண்டோஸ் 7-இல் பவர்ஷெல் என்ற கட்டளை நிரலின் 2.0 பதிப்பு கூடவே வருகிறது, ஆகவே புதிதாக எதையும் ஏற்றாமல் இதைச் செய்ய முடிந்தது. வெளியில் உலவும் ஒரு வரிக் கட்டளைகள் பலவும் பிந்தைய பதிப்பு வசதிகளை நம்பியிருக்கும். முழுக் கோப்பையும் ஒரே சரமாகப் படிக்கும் ரா என்ற தெரிவு 3.0-இல்தான் வந்தது. அதனால் பவர்ஷெல்லுக்கு அடியில் இருக்கும் டாட்நெட் என்ற நிரல் தொகுப்பின் கோப்பு வாசிப்பு வகுப்பை நேரடியாக அழைத்தேன்.

அதில் யூடிஎஃப்-8 என்கோடிங்கை உருவாக்கும்போது இரண்டு ஆம்-இல்லை கேள்விகளுக்குப் பதில் சொல்லலாம். எழுதும்போது குறி சேர்க்கட்டுமா என்பது முதல் கேள்வி. படிக்கும்போது செல்லாத பைட் வந்தால் பிழை என்று நின்றுவிடட்டுமா என்பது இரண்டாவது. இரண்டுக்கும் ஆம் என்றேன். இரண்டாவது ஆம்தான் இந்த வேலையைக் காப்பாற்றியது. திஸ்கி கோப்புகள் வந்தபோதெல்லாம் நிரல் அவற்றை மாற்றாமல் மறுத்தது, பெயரைப் பட்டியலில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனது. நான் கண்ணால் பிரிக்க வேண்டியதை அதுவே பிரித்துக் கொடுத்துவிட்டது. கேள்விக்குறிக் கோப்புகள் மட்டும் இந்தச் சோதனையில் தேறிவிடும், கேள்விக்குறி செல்லுபடியாகும் எழுத்துதானே. அவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

மூலக் கோப்பின் மேலேயே எழுதவில்லை. வேறொரு ஃபோல்டரில் எழுதி, மூத்தவர் முன்னோட்டத்தில் ஒரு சுற்றுப் பார்த்த பிறகுதான் பழையதை ஒதுக்கினோம்.

எல்லாவற்றுக்கும் தலை ஒட்டக் கூடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பேச்சு, துணைத்தலைப்பு போன்ற மனிதர் வாசிக்கும் கோப்புகளுக்கு மட்டும்தான் இது. அதே வட்டில் ஒலியை வெட்டிப் பிரிக்கும் பேட்ச் கோப்புகள் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் உரைக் கோப்புகள்) சில இருந்தன. அவற்றுக்குக் குறி ஒட்டினால், முதல் கட்டளைக்கு முன்னால் மூன்று அந்நியப் பைட் நிற்கும், கட்டளைச் சாளரம் அதைத் தெரியாத கட்டளை என்று சொல்லி முதல் வரியைத் தள்ளிவிடும். வேறு நிரல்கள் படிக்கும் அமைப்புக் கோப்புகளிலும் இதே ஆபத்து உண்டு. அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லை.

இதற்குப் பின்

பழைய கோப்புகள் சரியாயின. ஆனால் புதியவை வந்துகொண்டே இருக்குமே. வெளியே தட்டச்சு செய்பவர்களிடம், சேமிக்கும்போது கீழே என்கோடிங் என்ற இடத்தில் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று தேரச் சொன்னோம். மார்க்டவுன் எழுதுபவரின் எடிட்டரிலும் அப்படி ஒரு தெரிவு இருந்தது. கேட்டுக்கொண்டார்கள். அவ்வப்போது மறந்துவிடுகிறார்கள். அதனால் அந்தச் சிறு நிரலை மேசைத்திரையில் ஒரு குறுக்குவழியாக வைத்துக் கொடுத்தேன். வந்த ஃபோல்டரை அதன் மேல் இழுத்துப் போட்டால் போதும்.

முன்னோட்டக் கையாளியையே மாற்றி எழுதலாமே என்று ஒருவர் கேட்டார். எழுதலாம், அதற்கான இடைமுகம் வெளிப்படையானதுதான். ஆதரவு நின்ற இயங்குதளத்தில், ஒவ்வொரு கோப்பையும் தொடும் ஒரு நிரலை நான் எழுதி, அதைக் காலமெல்லாம் பராமரிப்பதை நினைத்தாலே அலுப்பாக இருக்கிறது. கோப்பைத் திருத்துவது எளிது, அந்தக் கோப்பு நாளை வேறு எந்தக் கணினிக்குப் போனாலும் படிக்கவும் முடியும்.

போன வாரம் பென் டிரைவில் ஒரு தொகுதி வந்தது. நான் பக்கத்தில் வேறு வேலையாக இருந்தேன். மூத்தவர் அம்புக்குறியை அழுத்திக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நிறுத்தி, திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "இது தலையில்லாதது, ஒட்டிக்கலாம். அடுத்தது தாளமே இல்ல தம்பி, பழைய எழுத்துரு. அதைத் தனியா எடுத்து வையுங்க."